பாரிஸிலிருந்து மார்செய் வரை: டிஜிவி ரயிலில் முதல்முறை டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு

பாரிஸில் 'கார் து லியோன்' என்று ஒரு பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அது லியோன் நகரத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், அது பாரிஸுக்குள்ளேயேதான் இருக்கிறது; 'கார்' என்றால் நிலையம், லியோன் பக்கம் போகிற வண்டிகள் கிளம்பும் நிலையம் என்பதால் அந்தப் பெயர். மார்செய்க்கு டிக்கெட் எடுத்திருந்த ஒரு மாணவர், டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, முதலில் லியோன் போய் அங்கே வண்டி மாற வேண்டுமோ என்று கலங்கிப்போய் இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். அவர் கேட்டது சரியான கேள்விதான், யாரும் சொல்லித் தராவிட்டால் எப்படித் தெரியும்? அவருக்குச் சொன்னதையும் அதன் பிறகு வந்த பலருக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாரிஸ்–மார்செய் சுமார் 750 கிலோமீட்டர். பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவி அதை மூன்று மணி நேரம் சொச்சத்தில் கடந்துவிடும். பாரிஸுக்கும் லியோனுக்கும் நடுவே அதிவேகப் பாதை 1981இல் திறந்தது, அது மார்செய் பக்கம் வந்து சேர்ந்தது 2001இல். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் உங்களுக்கு வேலையே இல்லை. சிரமமெல்லாம் அதற்கு முன்னால்தான், எந்த நிலையம், எந்த வண்டி, எப்போது வாங்குவது என்ற மூன்று கேள்விகளில். நம் ஊர் ரயிலை மனதில் வைத்துக்கொண்டு திட்டமிட்டால் தடுமாறுவீர்கள். விமான டிக்கெட் வாங்குவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் நிலையத்தைப் பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம்

டிக்கெட் வாங்குகிற செயலியில் 'பாரிஸ்' என்று மட்டும் போட்டால் பாரிஸைச் சுற்றியுள்ள எல்லா நிலையங்களையும் சேர்த்துக் காட்டும். மார்செய், லியோன், நீஸ், மோன்பெலியே பக்கம் போகிற வண்டிகள் பெரும்பாலும் கார் து லியோனிலிருந்து கிளம்பும். போர்தோ, நாந்த், ரென் என்றால் மோன்பர்னாஸ் நிலையம். ஸ்ட்ராஸ்பூர் என்றால் கிழக்கு நிலையமான கார் து லெஸ்ட். லீல் என்றால் வடக்கு நிலையமான கார் து நோர், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போக நம்மவர்கள் இறங்குகிற அதே நிலையம். மார்செய்க்குக் கிளம்பும் முன் லாச்சப்பலில் சாப்பிட்டுவிட்டுப் போக நினைத்தால் தாராளமாகப் போகலாம், கார் து நோரிலிருந்து ஆர்இஆர் என்கிற புறநகர் ரயிலில் டி தடத்தைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் கார் து லியோன்.

இவற்றைத் தவிர நகரத்துக்கு வெளியேயும் டிஜிவி நிற்கிற நிலையங்கள் உண்டு. டிஸ்னிலேண்ட் வாசலில் இருக்கிற மார்ன்-லா-வாலே அவற்றில் ஒன்று. சில நேரம் அங்கிருந்து கிளம்புகிற வண்டி பத்து யூரோ மலிவாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்த விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, காலை ஆறரை மணி வண்டிக்காக இரண்டு குழந்தைகளோடு விடியற்காலையில் ஆர்இஆர் பிடிக்க முடியாமல் டாக்சி எடுத்தார்கள், டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு அதற்குப் போயிற்று. ஆகவே விலையைத் தொடுவதற்கு முன் கிளம்பும் நிலையத்தின் முழுப் பெயரையும் படியுங்கள். இறங்கும் நிலையத்துக்கும் இதே கதைதான்: எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் டிஜிவி நிலையம் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அவின்யோனில் ஊருக்கு நடுவே ஒன்று, டிஜிவிக்கென்று வெளியே ஒன்று. மார்செயில் இந்தக் குழப்பம் இல்லை, சேன்-ஷார்ல் நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, வண்டியும் பெரும்பாலும் அங்கேயே முடிகிறது.

விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஷார்ல் து கோல் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலேயே டிஜிவி நிலையம் இருக்கிறது, அங்கிருந்து மார்செய்க்கு நேரடி வண்டிகள் உண்டு, சுமார் நாலு மணி நேரம். பாரிஸுக்குள் போய்ச் சாமானைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படிக்கட்டு ஏறி இறங்க வேண்டியதில்லை. வேறு முனையத்தில் இறங்கினால் முனையங்களை இணைக்கிற இலவசக் குட்டி ரயில் இருக்கிறது. ஆனால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயில் கிளம்பும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரமாவது விடுங்கள். குடியேற்ற வரிசை எவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, விமானம் தாமதமானால் ரயில்காரர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள், இரண்டும் தனித்தனி டிக்கெட். நேரடி வண்டி சரியாக அமையவில்லை என்றால் ஆர்இஆர் பி பிடித்து ஷாத்லே-லே-ஆல் வந்து, அங்கே ஆர்இஆர் ஏ மாறினால் அடுத்த நிறுத்தமே கார் து லியோன். இதற்கு ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டி

ஒரே பாதையில் மூன்று விதமான அதிவேக வண்டிகள் ஓடுகின்றன. டிஜிவி இனுயி என்பது பிரான்ஸ் அரசு ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃப்பின் வழக்கமான சேவை: உணவுப் பெட்டி, வைஃபை, இரண்டு பெரிய சூட்கேஸுக்கு அனுமதி, டிக்கெட்டை மாற்றவும் ரத்து செய்யவும் வசதி. உய்கோ அதே நிறுவனத்தின் மலிவுச் சேவை, 2013இல் தொடங்கியது. அதே வேகம்தான், ஆனால் இருக்கைகள் நெருக்கம், ஒரு சிறு பையும் ஒரு கேபின் பையும் மட்டும் டிக்கெட்டில் அடக்கம், பெரிய சூட்கேஸுக்குத் தனிக் கட்டணம், சாதாரண உய்கோ டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது. மூன்றாவது இத்தாலியின் ட்ரெனிட்டாலியா. 2021 டிசம்பரில் பாரிஸ்–லியோன் பாதையில் வந்தார்கள், 2025 ஜூனிலிருந்து மார்செய்க்கும் ஓட்டுகிறார்கள், நாளுக்குச் சில வண்டிகள்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லோரும் பயன்படுத்துகிற எஸ்என்சிஎஃப் கனெக்ட் செயலியில் இனுயியும் உய்கோவும் வரும், ட்ரெனிட்டாலியா வராது. மூன்றையும் ஒப்பிட வேண்டும் என்றால் ட்ரெயின்லைன் மாதிரி ஒரு செயலியிலும் தேடிப் பாருங்கள். அந்த மாதிரிச் செயலிகள் சில நேரம் சேவைக் கட்டணம் சேர்க்கும் என்பதால், பணம் கட்டுகிற கடைசித் திரையில் மொத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், முதுகில் ஒரு பையோடு போகிற மாணவருக்கு உய்கோ அருமையான ஏற்பாடு, யோசிக்கவே வேண்டாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு சூட்கேஸ் இருக்கிறது, திட்டம் மாறவும் வாய்ப்பிருக்கிறது என்றால் இனுயி எடுங்கள். உய்கோவில் சூட்கேஸ் கட்டணத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

லியோன் வரைதான் போகிறீர்கள், நேரம் நிறைய இருக்கிறது என்றால் உய்கோவிலேயே பழைய பெட்டிகளோடு சாதாரணப் பாதையில் போகிற வண்டி ஒன்று உண்டு. டிஜிவி இரண்டு மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு அது சுமார் ஐந்து மணி நேரம் எடுக்கும், கிளம்புவதும் பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து. தெரிந்தே எடுத்தால் நல்லது, மலிவாக இருக்கிறதே என்று தெரியாமல் எடுத்துவிடக் கூடாது.

எப்போது வாங்குவது

விலை நிலையானது இல்லை. அதே வண்டி, அதே இருக்கை, மூன்று மாதத்துக்கு முன் வாங்கினவர் முப்பது யூரோவுக்குள் வாங்கியிருப்பார், முந்தின நாள் வாங்குகிறவர் நூறுக்கு மேல் கொடுப்பார். வண்டி நிரம்ப நிரம்ப விலை ஏறுகிறது. காத்திருப்புப் பட்டியல் கிடையாது, தட்கல் கிடையாது, டிஜிவியில் நின்றுகொண்டு போகலாம் என்ற கணக்கும் கிடையாது, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு வண்டி, பெரும்பாலும் ஒரு இருக்கை.

சாதாரணமாக மூன்று நாலு மாதத்துக்கு முன்பே விற்பனை திறக்கும். கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் காலத்து டிக்கெட்டுகளை ஒரே நாளில் மொத்தமாகத் திறந்துவிடுவார்கள், அந்தத் தேதியை முன்பே அறிவிப்பார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் போகிறீர்கள் என்பது எவ்வளவு முன்னால் வாங்குகிறீர்கள் என்பதற்குச் சமமான அளவுக்கு விலையை மாற்றும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும்தான் எப்போதும் விலை அதிகம். செவ்வாய், புதன், சனி மதியம் என்று தேடிப் பாருங்கள். அப்புறம் பள்ளி விடுமுறை. பிரான்ஸில் பிப்ரவரி விடுமுறையும் வசந்த விடுமுறையும் ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து விடுகிறார்கள், லியோன் ஏ, மார்செய் பி, பாரிஸ் சி. பாரிஸ் பள்ளிகள் மூடுகிற வெள்ளிக்கிழமை மாலை தெற்கே போகிற வண்டிகள் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். மே மாதம் முதல் தேதியும் எட்டாம் தேதியும் விடுமுறை, பெரும்பாலான வருடங்களில் அசென்ஷன் வியாழன் என்கிற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறையும் அந்த மாதத்திலேயே வரும், அதை ஒட்டிய நாள்களையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது

செயலியின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பயணிகளின் வயதைச் சரியாகக் கொடுங்கள், சலுகை வயதைப் பொறுத்தது. அடிக்கடி போகிறவர் என்றால் கார்த் அவாந்தாஜ் என்ற வருடச் சலுகை அட்டை 49 யூரோ, முப்பது சதவீதம் தள்ளுபடி கொடுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வருடத்தில் முழு விலையில் 164 யூரோவுக்கு மேல் இனுயி டிக்கெட் வாங்குவீர்கள் என்றால்தான் அட்டை லாபம், பாரிஸ்–மார்செய் போக வர இரண்டு தடவை போனாலே பலருக்கு அந்தத் தொகை தாண்டிவிடும். 12 முதல் 27 வயதுக்கு ஒரு அட்டை, 60க்கு மேல் ஒரு அட்டை, நடுவில் உள்ளவர்களுக்கு ஒன்று. அந்த நடு அட்டைக்கு மட்டும் வார இறுதியைத் தொடுகிற போக-வரப் பயணமாக இருக்க வேண்டும் என்கிற மாதிரி நிபந்தனைகள் உண்டு, படித்துவிட்டு வாங்குங்கள். உய்கோவில் இந்த அட்டை செல்லாது.

பெயர் போடுகிற இடத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். 'நோம்' என்றால் குடும்பப் பெயர், 'ப்ரேனோம்' என்றால் சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாமல் இன்ஷியல்தான் இருக்கும், அதற்காக வெறும் ஒரு எழுத்தைப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அப்படியே இங்கேயும் போடுங்கள், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இரண்டு இடத்திலும் அதே பெயரைப் போடுங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, வண்டியில் பரிசோதகர் அடையாள அட்டை கேட்கலாம், பாஸ்போர்ட்டோடு அது ஒத்துப்போனால் போதும்.

பணம் கட்டும்போது இந்திய அட்டை நிராகரிக்கப்படுவது உண்டு. எனக்கே ஒருமுறை ஊரில் வைத்திருந்த வங்கி அட்டை மூன்று தடவை தோற்றுப்போய், நான் வங்கிக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் 39 யூரோவில் இருந்த டிக்கெட் 55 ஆகிவிட்டது. இப்போதெல்லாம் இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வருகிறது, வங்கியின் செயலியில் நீங்களாகத் திறக்க வேண்டும். டிக்கெட் தேட உட்காருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், ஓடிபி வருகிற எண் பிரான்ஸிலும் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இருக்கை பற்றி: பெரும்பாலான வண்டிகள் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே குறுகலான படிக்கட்டு ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் கனமான சூட்கேஸ்காரர்களுக்கும் கீழ் அடுக்கைத் தேர்ந்தெடுங்கள். இனுயியில் இதைக் கட்டணமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம்.

டிக்கெட் க்யூஆர் மாதிரி ஒரு குறியீடாக மின்னஞ்சலிலும் செயலியிலும் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிலையத்தில் இணையம் போனாலும் கவலையில்லை. மஞ்சள் இயந்திரத்தில் டிக்கெட்டைக் குத்த வேண்டும் என்று பழைய வழிகாட்டிகளில் இருக்கும், இந்த டிக்கெட்டுக்கு அது தேவையே இல்லை.

இனுயி டிக்கெட்டை ஒரு வாரத்துக்கு மேல் நேரம் இருக்கும்போது இலவசமாக மாற்றலாம், ரத்து செய்யலாம். அதன் பிறகு கட்டணம் உண்டு. வண்டி கிளம்பிவிட்டால் சாதாரண டிக்கெட்டின் கதை முடிந்தது. மெட்ரோவில் மாட்டிக்கொண்டு, வண்டியைப் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், ஓடிப் பார்ப்போம் என்று இருக்காமல் அந்த நிமிடமே செயலியைத் திறந்து அடுத்த வண்டிக்கு மாற்றுங்கள். கொஞ்சம் பணம் போகும், டிக்கெட் பிழைக்கும்.

சாமான்

இனுயியில் ஆளுக்கு இரண்டு சூட்கேஸ், ஒவ்வொன்றும் 70, 90, 50 சென்டிமீட்டருக்குள், கூடவே ஒரு கைப்பை. எல்லாவற்றிலும் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும், இது சட்டம். அளவோ எண்ணிக்கையோ மீறினால் 50 யூரோ அபராதம் போடுவார்கள். எடை பார்ப்பதில்லை, ஆனால் தூக்கி வைக்க ஆள் கிடையாது, நீங்களே தூக்கக்கூடிய எடையாக இருக்கட்டும்.

கிளம்பும் நாள்

வண்டி கிளம்புவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். 10:08 என்று போட்டிருந்தால் உங்களுக்கு அது 10:06. இனுயி என்றால் அரை மணி நேரம் முன்னால் நிலையத்துக்குள் இருங்கள், உய்கோ என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால்.

கார் து லியோனில் மூன்று ஹால்கள். முதல் ஹாலில் பிளாட்ஃபாரங்களுக்கு எழுத்து, இரண்டாவது ஹாலில் எண். பிளாட்ஃபாரத்தைச் சுமார் இருபது நிமிடத்துக்கு முன்தான் அறிவிப்பார்கள், அதுவரை எல்லோரும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பலகையில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள், வண்டி எண்ணைத் தேடுங்கள், ஏனென்றால் பலகையில் பெரிதாக இருப்பது வண்டி கடைசியாகப் போகிற ஊர். ஒரே நேரத்தில் இரண்டு வண்டி அதே பக்கம் போகும், அதில் ஒன்று உய்கோவாகவும் இருக்கும். பிளாட்ஃபார வாசலில் கண்ணாடிக் கதவு இருந்தால் குறியீட்டைக் காட்டினால் திறக்கும்.

அடுத்து வருவதைத்தான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். பல நேரம் இரண்டு வண்டிகளை முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஒரே வண்டியாக ஓட்டுவார்கள், ஒன்றில் பெட்டி எண் 1 முதல் 8 வரை, இன்னொன்றில் 11 முதல் 18 வரை. உள்ளே நடந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. சில வண்டிகள் வழியில் பிரிந்து வேறு வேறு ஊருக்கும் போகும். அதனால் கதவு மூடப்போகிறது, எந்தப் பெட்டியிலாவது ஏறிவிடுவோம் என்று ஏறும்போதுகூட உங்கள் பாதியில்தான் ஏறுகிறீர்களா என்று பாருங்கள். டிக்கெட்டில் 'வ்வாத்யூர்' என்று இருப்பது பெட்டி எண், 'பிளாஸ்' என்று இருப்பது இருக்கை எண். பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பிளாட்ஃபாரத்தில் எழுத்துகளால் குறித்திருப்பார்கள், திரையில் பார்த்து அந்த எழுத்துக்குக் கீழே போய் நின்றால் சூட்கேஸோடு நானூறு மீட்டர் ஓட வேண்டியதில்லை.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி உண்டு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

வண்டிக்குள் வீட்டுச் சாப்பாடு தாராளமாகச் சாப்பிடலாம். தெற்கே போகும்போது அவின்யோன் நெருங்கினால் இடது பக்கம் மோன் வாந்தூ மலை தெரியும். எக்ஸ் தாண்டின பிறகு நீளமான சுரங்கம், வெளியே வந்தால் மார்செய்.

தாமதம், வேலைநிறுத்தம்

இனுயி அரை மணி நேரம் தாமதமானாலே இழப்பீடு உண்டு, காரணம் எதுவாக இருந்தாலும் சரி. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை டிக்கெட் விலையில் கால் பங்கு, இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்குப் பாதி, அதற்கு மேல் முக்கால். நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும், இணையத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டு இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். நம்மவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து கேளுங்கள், அது உங்கள் பணம். உய்கோவில் ஒரு மணி நேரம் தாண்டினால்தான்.

'க்ரேவ்' என்று செய்தியில் கேட்டால் வேலைநிறுத்தம். 2007இல் வந்த சட்டப்படி, கலந்துகொள்கிற ஊழியர்கள் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், ஆகவே எந்தெந்த வண்டி ஓடும் என்பது முந்தின நாள் மாலைக்குள் தெரிந்துவிடும். உங்கள் வண்டி ரத்தானால் பணம் முழுவதும் திரும்ப வரும் அல்லது கட்டணமில்லாமல் வேறு வண்டிக்கு மாற்றலாம். பதிவு செய்யும்போது கொடுத்த மின்னஞ்சலும் போன் எண்ணும் சரியாக இருந்தால்தான் இந்தச் செய்தி உங்களுக்கு வந்து சேரும், வேறொருவர் உங்களுக்காக டிக்கெட் எடுத்துத் தந்தால் செய்தி அவருக்குத்தான் போகும்.

மார்செயில் இறங்கியதும்

சேன்-ஷார்ல் நிலையத்தின் வாசலுக்கு வந்தால் நகரம் முழுவதும் கீழே கிடக்கும், எதிரே குன்றின் மேல் நோத்ர-தாம் து லா கார்த் தேவாலயம். அங்கிருந்து கீழே இறங்குவதற்குப் பிரபலமான ஒரு பெரிய படிக்கட்டு, 104 படிகள். ஒரு நிமிடம் நின்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சூட்கேஸ் இருந்தால் அதில் இறங்க வேண்டாம், திரும்ப உள்ளே வந்து நிலையத்துக்கு அடியில் இருக்கிற மெட்ரோவுக்குப் போங்கள், முதல் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் வியூ-போர் எனும் பழைய துறைமுகம்.